அண்ணியின் வலது தோள்

கணக்கு டீச்சருக்கு அந்த வலி முதன்முதலாகத் தெரிந்தது கரும்பலகையின் முன்னால்தான். மேல் மூலையில் எழுதியிருந்த சமன்பாட்டை அழிக்கக் கையைத் தூக்கினாள். கை காதுக்கு நேரே போனதும் தோளின் உச்சியில் சுருக்கென்றது. தானாகவே கை கீழே வந்துவிட்டது. பாதிச் சமன்பாடு பலகையிலேயே நின்றது.

"மீதி, டீச்சர்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மீதிய நீங்க கண்டுபிடிங்க" என்று சமாளித்தாள். வகுப்பு சிரித்தது. அவளுக்கோ சனிக்கிழமைதான் மனசில் வந்து நின்றது.

சனிக்கிழமை காலைகளில் அவளும் நாத்தனாரும் பாட்மிண்டன் ஆடுவார்கள். புருஷன் இருந்த காலத்தில் இந்த இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. நாத்தனார் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்; மனசில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற ரகம். டீச்சர் எதையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற ரகம். நடுவில் நின்று இருவரையும் சமாளித்தவன் அவன்தான். ஒரு நாள் பள்ளியில் அவளை இறக்கிவிட்டுப் போனவன், வீட்டுக்குத் திரும்பவில்லை. மாரடைப்பு. சொந்தமெல்லாம் வந்து அழுது கலைந்த பிறகு, ஒரு காலையில் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். "அண்ணா பேர்ல சனிக்கிழமை கோர்ட் பதிவு பண்ணியிருக்கு. எனக்கு ஜோடி இல்ல. வர்றீங்களா அண்ணி?"

மட்டையைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாமல்தான் போனாள். இப்போது அந்தக் கோர்ட்டில் இவர்களை ஜெயிப்பது லேசில்லை. அவனைப் பற்றி இருவரும் பேசியதே கிடையாது. "என்னுது!", "விடுங்க அண்ணி!", "பின்னாடி, பின்னாடி!" இவ்வளவுதான் பேச்சு. அதுவே போதுமாக இருந்தது. அது இல்லாவிட்டால் இருவரும் எதை வைத்துச் சந்தித்துக்கொள்வது என்று அவள் யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேண்டியதாயிற்று.

பள்ளி விளையாட்டு மாஸ்டர் சுளுக்கு என்றார், சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி நரம்பு பிசகிவிட்டது, ஐஸ் வைக்கணும் என்றாள். டீச்சர் காலையில் சூடும் ராத்திரியில் குளிரும் வைத்துப் பார்த்தாள். தோள் இரண்டுக்கும் மசியவில்லை. வலது பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. கடைசியில் எலும்பு டாக்டரிடம் போனாள்.

"நரம்பும் இல்ல, சுளுக்கும் இல்ல" என்றார் டாக்டர். "தசைய எலும்போட சேர்த்துக் கட்டியிருக்கிற நாண் ஒண்ணு இருக்கு. அது வீங்கியிருக்கு. கைய தலைக்கு மேல தூக்குற வேலையெல்லாம் இப்போதைக்கு நிறுத்துங்க."

அவர் அனுப்பிய பிசியோதெரபி பெண்ணோ ஒரு ரப்பர் பட்டையைக் கதவின் கைப்பிடியில் கட்டி, "இழுங்க" என்றாள்.

"டாக்டர் ஓய்வு குடுக்கச் சொன்னாரே?"

"கைய தூக்கி அடிக்கிறதுக்குத்தான் ஓய்வு. சும்மாவே வெச்சிருந்தா நாண் இன்னும் பலவீனமாயிடும். கொஞ்சம் கொஞ்சமா வேலை குடுத்துத்தான் பழக்கணும். இழுக்கும்போது லேசா வலிச்சா பரவாயில்ல. மறுநாள் காலைல வலி கூடியிருந்தா, செஞ்சது அதிகம்னு அர்த்தம். இப்ப எவ்வளவு வலிக்குது? பத்துக்கு மார்க் போடுங்க."

டீச்சர் விழித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டவள். அரை மார்க்குக்கு வாதாடி நின்ற பெற்றோர்களைப் பார்த்தவள். தன் தோளுக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை. எதோடு ஒப்பிட்டுப் போடுவது? பத்து என்றால் என்ன? அவன் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாளே, அதுவா? அப்படியானால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

"ரெண்டு" என்றாள்.

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டுக்கு யாரும் பல்ல கடிக்க மாட்டாங்க மேடம்."

நாத்தனாரிடம் ஃபோனில், கொஞ்ச நாள் வர முடியாது என்று சொன்னாள். முதலில் நாத்தனார் தினமும் கூப்பிட்டாள். "தோள் எப்படி?" "இருக்கு." அப்புறம் பேச எதுவும் கிடைக்காது. இந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம், அந்தப் பக்கம் பணிமனையில் பேருந்து உறுமுகிற சத்தம். பிறகு அழைப்புகள் குறைந்தன. ஒரு தடவை, "நம்ம கோர்ட்டுக்கு வர்ற பல் டாக்டரம்மா ஜோடிக்கு வர்றேன்னாங்க" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது. "நல்லதுதானே" என்று டீச்சர் ஃபோனை வைத்தாள். வைத்த பிறகு மூலையில் கிடந்த மட்டையை எடுத்துத் துடைத்தாள். பொறாமையா, பயமா, அவளுக்கே பிடிபடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மட்டையோடு போய் நின்றாள்.

"சரியாப் போச்சா?" நாத்தனாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"சுத்தமா."

முதல் ஆட்டம் ஓடிவிட்டது. இரண்டாவதில் உயரமாக ஒரு பந்து வந்தது. "உங்களுது!" என்று பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள். டீச்சர் எம்பி அடித்தாள். பந்து வலையைத் தாண்டியதா என்று பார்க்கக்கூட முடியவில்லை. மட்டை தரையில் கிடந்தது, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். வாய் மட்டும் பழக்கத்தில் சொன்னது: "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல."

நாத்தனார் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இதையேதான் அண்ணாவும் சொன்னான்." குரல் கோர்ட் முழுக்கக் கேட்டது. "இதே இடத்துல, போறதுக்கு முந்தின சனிக்கிழமை. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு. ஒண்ணுமில்ல, நீ சர்வீஸ் போடுன்னான். நானும் போட்டேன்!"

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் பார்வையை வேறெங்கோ திருப்பிக்கொண்டார்கள். டீச்சருக்கு இது தெரியாது. அவன் அவளிடமும் சொல்லவில்லை, இவளும் இத்தனை காலம் சொல்லவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று புரியாமல் நின்றாள். நாத்தனார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

வாரம் முழுக்க ஃபோன் இல்லை. ரப்பர் பட்டையை இழுத்தாள். சில காலைகளில் தேவலை, சில காலைகளில் மோசம். எதனால் எது என்று கணக்கு டீச்சருக்கே கணக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. வேலைக்குப் போகிற சீருடையில் நாத்தனார். "மதியம்தான் ட்யூட்டி" என்றபடி உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். டீச்சர் ஒரு கையால் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்தாள்.

"அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"எனக்கும் கேக்கத் தோணியிருக்கணும்" என்றாள் டீச்சர். அது பதில்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன தலை இது, குருவிக்கூடு மாதிரி?"

"கை மேல போகல."

நாத்தனார் எழுந்து சீப்பைத் தேடி எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். பேருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக் காய்த்துப்போன கை. முதல் இழுப்பிலேயே தலை பின்னால் போயிற்று. ஒரு சிக்கில் சீப்பு மாட்டிக்கொண்டது.

"வலிக்குதா அண்ணி?"

தலையைக் கேட்கிறாளா, தோளையா, வேறெதையாவதா? சிக்கிய முடியை இரண்டு விரலால் பிடித்தபடி, பின்னால் நாத்தனார் காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

"வலிக்குது" என்றாள் டீச்சர்.

சீப்பு சிக்கிலிருந்து வெளியே வந்தது. நுனியிலிருந்து, மெல்ல, மறுபடி வாரத் தொடங்கியது.