போடு சொன்னால்தான் எடை

ஆமத்தூர் விலக்கில் இருக்கும் பட்டாசு உறை அச்சடிக்கும் கம்பெனிக்கு பில் போட வந்தவள் ஸ்வீட்டி. வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். எடை மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்க மதுரையிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று கேட்டதும், "ஜாவாவுல நானே புரோகிராம் எழுதிருவேன் அண்ணாச்சி" என்று வாயைக் கொடுத்துவிட்டாள்.

முதலாளி வெள்ளைத்துரை கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி வரைக்கும் பாப்பேன். எடை சரியா வரலைன்னா மதுரை ஆளுக்குப் போன் போட்ருவேன். பெறகு நீ பில் சீட்ட விட்டு எந்திரிக்கக் கூடாது, ஆமா."

நாலு வருஷம் படித்த படிப்பு பில் புத்தகத்துக்குள்ளேயே காய்ந்து போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். ஆனாலும் கேபிளைச் சொருகி, மெஷின் அனுப்பும் எண்ணை வாங்கும் சீரியல் போர்ட்டைத் திறந்து, திரையில் முதல் எண் வந்தபோது நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். இனி எடை வந்ததும் லேபிள் தானாக அச்சாக வேண்டும். அச்சாகவும் செய்தது, அதுதான் வினை.

முதல் லேபிள் 2 கிலோ என்றது. அடுத்தது 4.6. அதற்கடுத்தது 50. ஒரே உறைக்கட்டுக்கு மூன்று லேபிள்! மெஷின் முகப்பில் மட்டும் 24.650 என்று ஒன்றுமறியாத பாப்பா போல எரிந்துகொண்டிருந்தது. கேபிளை மாற்றினாள், ஜெபித்தாள், மறுபடியும் கேபிளை மாற்றினாள். மணி இரண்டே முக்கால்.

அதற்காக வேலை நிற்குமா? கட்டுத் தூக்கும் செல்லத்தாய் அடுத்த கட்டை மெஷினில் ஏற்றி எடையை வாசிக்க, கணக்கு எழுதும் பையன் மணிமுத்து நோட்டில் எழுதினான்.

"இருவத்தி…" என்று இழுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏளு…" என்றாள். மணிமுத்து 27 என்று எழுதி மூடிவிட்டான்.

"ஏலே, நான் போடுன்னு சொல்லுமுன்ன எதுக்குலே எளுதுற? இன்னும் முன்னூறு கிராம் கெடக்கு!"

ஸ்வீட்டிக்குப் பொறி தட்டியது. மெஷினும் செல்லத்தாய் மாதிரி துண்டு துண்டாகத்தான் சொல்கிறது. எடை முடிந்ததும் வரிமுடிவு என்று ஓர் அடையாளம் அனுப்புகிறது. அதுதான் மெஷினின் "போடு". அவளுடைய நிரல் மணிமுத்துவைவிடப் பெரிய அவசரக்குடுக்கை!

வருவதையெல்லாம் சேர்த்து வை, வரிமுடிவு வந்தபிறகு அச்சடி என்று நாலு வரி மாற்றினாள். அவசரத்தில் வரிக் கடைசியில் போடும் அரைப்புள்ளி இரண்டு தடவை விட்டுப்போனது. மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் வந்தது, 27.300. ஒரே லேபிள்.

"அல்லேலூயா!"

கூச்சல் கேட்டு முதலாளி போனும் கையுமாக வந்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டை இறக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே மெஷின் மேல் ஏறி நின்றார்.

"போடு!" என்றாள் செல்லத்தாய், பழக்கதோஷத்தில்.

லேபிள் வந்து விழுந்தது. "சரவெடி உறை. எடை 91.450 கிலோ. நனையாமல் வைக்கவும்."

அண்ணாச்சி அதை இரண்டு தடவை வாசித்தார். ஸ்வீட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு முதலில் தொந்தி குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. லேபிளைச் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டு மதுரைக்குப் போன் போட்டார்.

"நீங்க வர வேண்டாங்க. நம்ம கம்பெனி எஞ்சினியர் பிள்ளை முடிச்சிருச்சு."

எஞ்சினியர்! ஸ்வீட்டி நாற்காலியோடு இன்னும் மூன்று சுற்றுச் சுற்றினாள்.