அறுபத்திரண்டு நாடுகள் ஒத்துக்கொண்ட வரி

மனிதகுலத்தின் மேலான கவனத்துக்கு: அறுபத்திரண்டு நாடுகளின் குப்பை பொறுக்குவோர், தங்கள் உலகப் பேரவை வழியாக, இன்றுமுதல் ஒரே குரலில் பேசுவார்கள். நிற்பவர்கள் உட்காரலாம்.

அந்தக் குரலில் ஒரு வரியைக் கேட்டு வாங்கியவள் ஒரு குப்பைமேட்டுச் சங்கத் தலைவி. பிளாஸ்டிக்கை ஒடித்து, சத்தத்தை வைத்தே தரம் சொல்லுவாள். வெள்ளிக்கிழமை மேட்டின் கேட்டைப் பூட்டி, குப்பையை ஒரு தனியார் கம்பெனியிடம் விடப்போவதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாற்பத்தேழு பேரின் பிழைப்பு அந்தக் கேட்டுக்குள் இருந்தது.

பேரவையின் தொடர்பாளரிடம் சொன்னாள்: “பேரவை பேர்ல நகராட்சிக்கு ஒரே வரி எழுதிக் குடுங்க சார். கேட்டைப் பூட்டாதீங்க. அவ்வளவுதான்.”

“எழுதலாம்மா. ஆனா எல்லா நாடும் ஒத்துக்கிட்டாத்தான் வரி உள்ள வரும். அதான் ஜனநாயகம்.”

அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிரவில்லை. “நம்ம வீட்ல நாலு பேரு. ஃபேனை எத்தனைல வைக்கிறதுன்னே இன்னும் முடிவாகல, அண்ணி.”

வரி நாடு நாடாக ஊர்வலம் போனது. தங்கள் மேட்டுக்குக் கேட்டே கிடையாது என்று ஒரு நாடு அந்தச் சொல்லை நீக்கியது. ‘பூட்டாதீங்க’ அதட்டுவதுபோல் இருப்பதாக இன்னொரு நாடு வருந்தியது. மூன்றாவது நாட்டில் குப்பைப் புகைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்கள், மேடுகளை மூடச்சொல்லிப் பத்து வருடமாகப் போராடுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. யார் மனமும் நோகாமல் ஒரு நிபுணர் வரியைச் செம்மைப்படுத்தினார்.

புதன்கிழமை கடிதம் வழவழப்பான தாளில், ஆங்கிலத்தில் வந்தது. தலைவிக்கு அந்த மொழி படிக்க வராது.

“நான் சொன்னது இருக்குல்ல சார்?”

“அதோட சாராம்சம் இருக்கும்மா.”

கையெழுத்துப் போட்டு, தானே நகராட்சிக்குக் கொண்டுபோனாள். அதிகாரி இரண்டு முறை படித்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நாற்காலியைக் காட்டினார்.

“உட்காருங்கம்மா. குப்பைமேடுகள் கண்ணியமான முறையில் மூடப்படுவதை வரவேற்கிறோம்னு நீங்களே எழுதிட்டீங்க. எங்க வேலையும் சுலபமாச்சு.”

அவள் உட்காரவில்லை. “நான் அப்படிச் சொல்லல சார்.”

“கையெழுத்து உங்களதுதானே?”



வெள்ளிக்கிழமை பூட்டினார்கள். கண்ணியத்துக்குக் குறைவில்லை, ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுத்து, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பேரவையின் ஆண்டறிக்கையில் அந்தப் படம் ‘வெற்றிகள்’ என்ற தலைப்பின் கீழ் வந்திருக்கிறது.

நாற்பத்தேழு பேருக்கு வேலை இல்லை.