எட்டு நிமிட நாற்காலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல, ஒட்டுக்கேட்டது. அதுவும் முழு உண்மையில்லை. அமெரிக்காவில், வெர்மான்ட்டில், பனிச்சறுக்கு மலைக்கு ஏறும் லிஃப்ட்டில், கம்பிவடத்தில் தொங்கியபடி போகும் மூன்று பேர் நாற்காலியில், ஒரு ஜோடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். தனியாக வருகிறவன் ஓரத்தில் உட்காருவதுதான் மரியாதை. முப்பது குளிர்காலமாக ஏறுகிறவன், அன்றைக்கு வரிசையில் குழம்பி நடுவில் நின்றுவிட்டேன். நாற்காலி வந்து மூவரையும் அள்ளிக்கொண்டது. உச்சிக்குப் போய்ச்சேர எட்டு நிமிடம்.

2

முதல் தொடக்கம்: "மலை வெள்ளைப் போர்வை போர்த்தி..." (வேண்டாம். இங்கே பனியைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஈரமா, பொடியா என்றுதான் கேட்பார்கள்.)

இரண்டாவது: "ராய்ஸ், சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். லோர்னா, பள்ளிக்கூடத்தில் சமைப்பவள். நான்கு வருடமாக ஒரே வீட்டில்..." இது போதும்.

3

விழாமலிருக்க மடிமேல் வரும் கம்பியை இறக்கியதும் ராய்ஸ் தொண்டையைச் செருமினான்.

"லோர்னா, கல்யாணம் பண்ணிக்கலாமா?"

என் மூக்கைத் தாண்டித்தான் கேட்டான்.

"நடுவுல ஒருத்தர் இருக்காரே, ராய்ஸ்."

"அவருக்குக் கேக்காது. ஹெல்மெட் போட்டிருக்காரு."

"நல்லாவே கேக்குதுங்க," என்றேன்.

லோர்னா சிரித்தாள். பிறகு என்னிடமே முறையிட்டாள்.

"நீங்களே சொல்லுங்க சார். வீட்டுல வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருப்பான். சாப்பாடு எப்படின்னு கேட்டா தலையாட்டுவான். இதுல ஏறினா மட்டும் பேச்சு கொட்டும். போன வருஷமும் இங்கதான் கேட்டான். மேல இறங்கினதும் கப்சிப். எட்டு நிமிஷம் பேசுறவனக் கட்டிக்கிட்டு, மிச்ச நேரமெல்லாம் சுவரோடயா பேசுறது?"

"இங்க யாரும் எழுந்து போக முடியாதுல்ல," என்றான் ராய்ஸ். "அதான் தைரியமா இருக்கு."

"தரையில நின்னு கேளு, பதில் சொல்றேன். இல்லேன்னா பனி கரையறப்ப எங்க அக்கா ஊருக்குப் போயிடுவேன்."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. ராய்ஸ் அதற்குப்பிறகு தன் பனிச்சறுக்குக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

4

(ராய்ஸ்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாசகருக்குப் பிடிக்கட்டும் என்று ஒரு பிரதியில் அவனுக்கு நாய் ஒன்றைக் கொடுத்தேன். நாய் அவனைவிட நன்றாகப் பேசியது. எடுத்துவிட்டேன்.)

முடிவு அ: லிஃப்ட் பாதியில் நின்றுவிடுகிறது, அந்த நேரத்தில்... பொய். அன்று லிஃப்ட் ஒழுங்காகத்தான் ஓடியது.

முடிவு ஆ: அவன் வாய் திறக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் சறுக்கிக்கொண்டு... (மனசு கேட்கவில்லை. அவர்கள் இருவரையும் எனக்குப் பிடித்துப்போயிருந்தது.)

5

நடந்தது இவ்வளவுதான். மேலே இறங்கினோம். லோர்னா ஐந்தாறு அடி தள்ளி நின்று, ஏற்கெனவே சரியாக மாட்டியிருந்த கையுறையை மறுபடியும் மாட்டினாள். நான் என் வழியில் போயிருக்க வேண்டும். காலணிக் கொக்கியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ராய்ஸ் அவளருகே போனான். பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். வாயைத் திறந்தான், மூடினான். மறுபடியும் திறந்தான்.

அவனுக்காகப் பத்து வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன், எல்லாமே அழகானவை. உங்களிடமும் ஒன்றிரண்டு இருக்கும். தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். நாம் சொல்லிக்கொடுத்தால் அது அவன் பேசியதாகாது, லோர்னாவுக்கும் உடனே தெரிந்துவிடும். நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

அவன் பேசட்டும்.