முகம் உள்ளே

துளசிங்கத்துக்கு நீந்தத் தெரியாது என்று பயிற்சியாளர் ஷ்யாம்சுந்தர் முதல் நாளே சொல்லிவிட்டார். கோவளத்துக் குப்பத்தில் பிறந்தவன். முப்பத்தொரு வயது. பதினைந்து வருஷம் படகில் போனவன். சேலையூர் நீச்சல்குளத்தில் பிள்ளைகளோடு சுவரைப் பிடித்துக்கொண்டு கால் உதைக்கக் கற்றான்.

"அங்கிள், முட்டிய மடக்காதீங்க. சைக்கிள் ஓட்ற மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்தில் உதைத்துக்கொண்டிருந்த ஏழு வயது சினேகா.

கால் வந்தது. கையும் வந்தது. தலைதான் வரவில்லை. கடலில் தலையைத் தூக்கித்தான் நீந்துவார்கள். அடுத்த அலையைப் பார்க்க வேண்டும்.

"தலை மேல வந்தா கால் கீழ போயிடும், துளசி" என்றார் ஷ்யாம்சுந்தர். "முகத்த உள்ள வை. உள்ளயே மூச்ச விடு. மூணு கைக்கு ஒருவாட்டி பக்கவாட்டுல திரும்பி இழு. இங்க என்னய்யா, அலையா அடிக்குது?"

துளசிங்கம் சிரித்து வைத்தான். அவன் குப்பத்தில் முகத்தை உள்ளே வைத்து நீந்துவது காணாமல் போனவனைத் தேடும்போது மட்டும்தான். போன ஐப்பசியில் தம்பி சின்னத்தம்பிக்காக மூன்று நாள் அப்படி நீந்தினான். மூன்றாம் நாள் உடலைக் கண்டதும் துளசிங்கம்தான்.

அதற்குப் பிறகு அவன் படகில் ஏறவே இல்லை. படகு மச்சான் மோகன்ராஜுடையது.

"எத்தினி நாளிக்கி ஆள் கொறவா போறது?" என்றான் மோகன்ராஜ். "திங்கக்கெழம வா. இல்ல, வேற இன்னா தொழில் தெரியும் உனுக்கு? சொல்லு."

மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்துக்கு உயிர்காப்பாளர் வேண்டுமென்றார்கள். அடி தெரிகிற தண்ணீர். அது போதும் அவனுக்கு. தேர்வு சனிக்கிழமை. போய்த் திரும்பி இரண்டு நீளம், முகத்தை உள்ளே வைக்கிற ஃப்ரீஸ்டைல். நடுவில் முறை மாறக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக முகம் உள்ளே போனது. ஒரு நீளம் முழுக்கப் போனான். சினேகா கை தட்டினாள். அவன் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தான்.

தேர்வை நடத்தியவள் ஜென்சி. கழுத்தில் விசில், கையில் கடிகாரம். ஆறு பேர் வந்திருந்தார்கள். துளசிங்கம் நான்காவது.

முதல் நீளம் சரியாகப் போனது. மூன்று கை, மூச்சு. மூன்று கை, மூச்சு. திரும்பினான். ஆழமான பகுதியில் மேகம் வெயிலை மறைத்தது. அடியில் கறுப்பாக ஏதோ கிடந்தது.

அடுத்த கையைப் போடவில்லை. தலைகீழாக அடிவரை போனான். இரண்டு கையாலும் பிடித்தான். இரும்பு. கம்பி கம்பியாக இருந்தது.

மேலே வந்தபோது விசில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"எதுக்குக் கீழ போனீங்க?"

"ஆள் மாரி தெரிஞ்சிச்சி, மேடம்."

"அது தண்ணி போற சல்லடைங்க."

வரிசையில் நின்றவர்களில் ஒருவன், "ஆள் புட்சிகினு வந்தியா, அண்ணாத்த?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஒரே ஒருவாட்டி, மேடம். இப்பவே போறேன்."

"ஸ்ட்ரோக் விட்டுட்டீங்களே. எல்லாருக்கும் ஒரே ரூல்தான். ஏறுங்க, அடுத்தவர் வெயிட் பண்றாரு."

அவன் ஏறவில்லை. அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டுக்கு வெளியே வெயில் மீண்டும் வந்திருந்தது. ஈரக் கையை இரண்டு முறை சட்டையில் துடைத்த பிறகுதான் போனின் தொடுதிரை வேலை செய்தது.

"மச்சான், துளசி பேசறேன்."

"சொல்லு."

"திங்கக்கெழம எத்தினி மணிக்கு?"