வேற கடை பாக்கலாம்பா

டாக்டராகும் ஆசைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் விலை மூன்று லட்சம். சீருடை தனி.

துண்டுத்துணிக் கடைக்காரர் அந்த விலையை வீட்டில் வைத்தே இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டார். ஆலைகளில் வெட்டி மிஞ்சுகிற துணியை மூட்டையாக வாங்கி, எடை போட்டு விற்கிற வியாபாரம் அவருடையது. சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவர் இல்லை. மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரைக்குக்கூடப் பேரம் பேசி, கொஞ்சம் பஞ்சாவது இனாமாக வாங்காமல் படி இறங்க மாட்டார். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது, கடைச் சரக்கில் பாதி அடிமாட்டு விலைக்குப் போனது. அப்படியும் பையில் சேர்ந்தது இரண்டு லட்சத்து எழுபதாயிரம்தான். மீதி முப்பதாயிரத்தை வாயாலேயே சம்பாதித்துவிடலாம் என்று நம்பினார்.

“அங்க போயி உங்க கடைத்தெரு வேலையைக் காட்டாதீங்க,” என்றாள் மனைவி. “என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முப்பதையும் குடுத்துட்டுப் போறான்.”

“குடுப்பான். அப்புறம் கல்யாணத்துக்குக் கல்யாணம் மைக் வெச்சுச் சொல்லுவான்.”

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளோடு நுழைவுத் தேர்வு எழுதிய பிள்ளைகள் தனி வகுப்பு, வீட்டு வாத்தியார் என்று வருஷக்கணக்கில் தயாரானவர்கள். அவள் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பழைய புத்தகத்தில் யாரோ பென்சிலால் எழுதி வைத்திருந்த விடைகளை அழித்து அழித்துப் படித்தவள். அப்படியும் உயிரியல் பிரிவில் இடம் வந்துவிட்டது. இன்று பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மற்றப் பள்ளிகளில் சேர்க்கை முடிந்தாயிற்று. அவள் படித்த பள்ளியில் இதற்கு மேல் வகுப்பே கிடையாது.

இப்போது அவளைப் பயமுறுத்தியது அப்பாவின் இருமல். மொத்தச் சந்தையில் அவர் பேரம் பேசும்போது அவளுக்கென்று ஒரு வேஷம் உண்டு. பால்பல் விழுவதற்கு முன்பே அதில் தேர்ந்தவள் அவள். அப்பா இருமியதும் சட்டையை இழுத்து, முகத்தைச் சுளித்து, “வேற கடை பாக்கலாம்பா, இது நல்லாவே இல்ல” என்று சொல்ல வேண்டும். அப்பா எழுந்து நடப்பார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் வியாபாரி பின்னாலேயே ஓடி வருவான். ஓடி வராத வியாபாரியை அவள் பார்த்ததில்லை.

பள்ளி அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மூணு லட்சம். பணமா, கார்டா?”

“என்னம்மா, எடுத்த எடுப்பிலேயே கழுத்தைப் புடிக்கிறீங்க? தண்ணி கிண்ணி குடுங்க, பேசுவோம்.”

“தண்ணி வெளில இருக்கு சார்.”

“சரி, ரெண்டரைன்னு முடிச்சுக்குவோம். பொண்ணைப் பாருங்க, எவ்வளவு அமைதி. உங்க பெஞ்சுகூடத் தேயாது.”

“இங்க ஒரே விலைதான் சார்.”

“எங்க கடைலயும் அப்படித்தாம்மா போர்டு மாட்டிருக்கேன். படிச்சா எனக்கே சிரிப்பு வரும்.”

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாள் மகளின் கண்ணில் பட்டது. முழுத் தொகையும் கட்ட இயலாத பெற்றோர் ஒரு பகுதியைத் தவணையில் செலுத்தலாம், அலுவலகத்தில் கேட்கவும். அப்பா அதைப் பார்க்கவில்லை. பேரம் முடியும்வரை எதிராளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார் அவர்.

“அப்பா, அங்க...”

அப்பா இருமினார்.

கேட்கவும் என்று போட்டிருந்தது. கேட்பதென்றால், எங்களிடம் இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும். அப்பா யாரிடமும் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவருக்குப் பதிலாக இந்த அம்மாளிடம் அவளே சொல்வதா? பின்னால் நிற்பவர்கள் காதில் விழும். அப்பாவுக்கு முகம் எங்கே போகும்? அவர் இன்னொரு தரம் இருமினார், கொஞ்சம் அழுத்தமாக. அவள் கை பழக்கத்தில் சட்டையைப் பிடித்தது.

“வேற ஸ்கூல் பாக்கலாம்பா. இது நல்லாவே இல்ல.”

முகச்சுளிப்பு அச்சு அசலாக இருந்தது. அம்மாள் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். “அப்படியாம்மா? சரி,” என்று பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். “அடுத்தது யாரு?”

“புள்ளைக்கே புடிக்கலேன்னா நான் என்ன பண்றது?” என்றபடி அப்பா பையை எடுத்துக்கொண்டு கம்பீரமாக எழுந்தார்.

நடைவழிக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். “திரும்பாத கண்ணு. கூப்பிடுவா.” கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பைகளை விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரி உற்றுப் பார்த்தார். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். உள்ளேயிருந்து வேறு குரல்கள்தான் கேட்டன.

“சயின்ஸா காமர்ஸாடா?”

“எதுவா இருந்தா என்ன டாடி.”

“சயின்ஸே போடுங்கம்மா. இந்தாங்க கார்டு.” அந்த மனிதர் விலையைக் கேட்கவே இல்லை.

“அப்பா, மீதியைத் தவணையில கட்டலாமாம். சுவத்துல போட்டிருக்கு.”

அப்பா வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “எப்பப் பாத்த?”

“உக்காந்தப்பவே.”

“ஏன்டி சொல்லல?”

“நீங்க இருமினீங்களே.”

அப்பா திரும்பி உள்ளே ஓடினார். ஓடுகிற அப்பாவை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அறை முழுக்கக் கேட்கும்படி, “முப்பது இப்ப இல்லம்மா. தவணையில கட்டிடறேன்,” என்றார்.

“இதை அப்பவே சொல்லிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே சார். பொண்ணு வேற புடிக்கலைன்னுடுச்சு.” அம்மாள் ரசீதைக் கிழித்துக் கார்டுக்காரரிடம் நீட்டினாள். “இதான் கடைசி சீட்டு. காமர்ஸ்ல இருக்கு, வேணுமா? அங்க ஆளு சேரல. கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு மேல சொல்லிருக்காங்க. ரெண்டு எழுபது.”

“ரெண்டு அறுபது,” என்றது அப்பாவின் வாய். அவரைக் கேட்டுக்கொண்டு அது திறக்கவில்லை.

“ரெண்டு அறுபத்தஞ்சு. அதுக்குக் கீழ முடியாது.”

அப்பா மகளைப் பார்த்தார். இந்த இடத்துக்கு இருமல் கிடையாது, அவளுக்கு வசனமும் கிடையாது. வேறு கடையும் கிடையாது. அவர் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பேருந்தில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தும் தோள் படவில்லை. கொள்முதல் முடிந்து திரும்பும்போதெல்லாம் கேட்பதைப் போலத்தான் அப்பா கேட்டார். குரல் மட்டும் உள்ளே போயிருந்தது. “கணக்குச் சொல்லு கண்ணு.”

“கேட்டது மூணு லட்சம். குடுத்தது ரெண்டு அறுபத்தஞ்சு. பையில அஞ்சாயிரம். காமர்ஸ் புஸ்தகம் நாலாயிரத்து இருநூறு, பஸ்ஸு நாப்பது. மிச்சம் எழுநூத்து அறுபது. அம்மா வளையலுக்கு இந்த மாச வட்டி தொள்ளாயிரம்.”

அப்பா விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். “ஒதைக்குதே.”

“ஆமாம்பா,” என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி. “நூத்தி நாப்பது பாக்கி.”