உங்க கையா இருந்தா

கட்டைவிரலின் அடிமூட்டைப் பிடித்து டாக்டர் ஒரு திருகு திருகியதும் தையலக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உள்ளே மணலை அரைத்தாற்போல் நறநறவென்றது. “சத்தம் கேட்டுச்சா?” என்றார், ஏதோ பாட்டு போட்டவர் மாதிரி. கேட்காமல் என்ன, தெருவுக்கே கேட்டிருக்கும்.

இந்த மூட்டுக்கு அக்கா பார்க்காத வைத்தியம் இல்லை. ஒருத்தர் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், இன்னொருத்தர் ஐஸ் வைக்கச் சொன்னார். ஊசி போட்டதில் கொஞ்ச நாள் சொர்க்கம், அப்புறம் பழையபடி. பட்டை கட்டிக் கையை அசைக்காமல் வைத்துக்கொள் என்றார்கள். கத்திரியைக் காலாலா பிடிப்பது? ஊசியும் மெஷினும் இன்னும் அவள் சொன்னபடி கேட்டன. துணி வெட்டுவதுதான் முடியவில்லை. அடுத்தவர் வெட்டியதைத் தைப்பது பிழைப்பே இல்லை என்பது அக்கா கட்சி. மிச்சம் இருந்தது ஆபரேஷன். தேய்ந்த எலும்பை எடுத்துவிடுவார்களாம்.

“எடுத்துட்டா திரும்ப கத்திரி பிடிப்பேனா டாக்டர்?”

“வலி பெரும்பாலும் போயிடும். பிடி சிலருக்கு நல்லா வருது, சிலருக்குக் குறையுது. யாருக்கு எப்படின்னு முன்னாடியே சொல்ல எங்களுக்கு இன்னும் வழி தெரியலம்மா.”

மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்காவின் கண் அவருடைய வெள்ளைக் கோட்டுக்குப் போயிற்று. தொழில் புத்தி. பொத்தான்கள் சும்மா அழகுக்கு. உள்ளே குழந்தைகள் செருப்பில் வருகிற ஒட்டுப்பட்டை. பொத்தான் போட விரல் வராமல் போன வருஷம் அவளும் தன் சட்டைக்கெல்லாம் இதைத்தான் வைத்துக்கொண்டாள்.

“இதே உங்க கையா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

டாக்டரின் வலது கை மெல்ல மேசைக்கு அடியில் போயிற்று.

“மேல வைங்க, பாப்போம்.”

வைத்தார். அதே இடம், அதே புடைப்பு.

“ரெண்டு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்” என்றார்.

“இந்தக் கையை வச்சுக்கிட்டா எனக்குப் பண்ணப்போறீங்க?”

“கத்தி பிடிக்க ஒண்ணும் கஷ்டமில்ல. பாட்டில் மூடிதான் திறக்க வராது.”

“மொதல்ல நீங்க பண்ணிக்குங்க. பாத்துட்டு நான் வர்றேன்.”

“எனக்கு யாரு பண்றது? இங்க நான் ஒருத்தன்தான்.”

“வேற ஊர்ல?”

“இருக்காங்க. அவங்ககிட்ட பண்ணிக்கிட்டவங்கதான் சரியாகாம அப்புறம் என்கிட்ட வர்றாங்க.” கொஞ்சம் தயங்கினார். “எல்லாரும் வலி போகுமான்னுதான் கேப்பாங்க. தொழில் செய்ய முடியுமான்னு கேட்டது நீங்கதான். நீங்க பண்ணிக்கிட்டா பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு கண்ணும் கலங்கியது. “கத்திரி இல்லாட்டி எனக்கு வேற ஒண்ணும் தெரியாது டாக்டர்.”

“எனக்கும்தான்.”

யோசித்துச் சொல்வதாக எழுந்தாள். கதவுக்கு உருண்டைப் பிடி. இரண்டு கையாலும் திருப்பினாள், வழுக்கியது. “அதுக்கு நர்ஸ் வரணும்” என்று டாக்டர் மணியை அடித்தார். நர்ஸ் எங்கே போனாளோ, வரவில்லை. அவரும் எழுந்து வந்தார். கடைசியில் இரண்டு பேருமாக நான்கு உள்ளங்கைகளையும் அந்த உருண்டையின் மேல் வைத்து அமுக்கினார்கள்.

“எந்தப் பக்கம் டாக்டர்?”

“வலது பக்கம்னுதான் நினைக்கிறேன்.”

உருண்டை ஒரு நூல் அசைந்தது.