கடைசிக் கோட்டில் மூன்று புள்ளிகள்

அந்தத் தட்டில் மூன்று புள்ளிகள் முளைத்திருந்தன. முளைத்ததில் வியப்பில்லை. முளைத்த இடம்தான் அவளுக்குப் புரியவில்லை.

ஆய்வகத்தில் அவளைத் தட்டக்கா என்பார்கள். பதினெட்டு வருடங்களாகக் கிருமி வளர்க்கும் தட்டுகளின் முகத்தில்தான் அவள் காலையில் விழிக்கிறாள். உள்ளங்கை அகலத் தட்டு; அதற்குள் கூழ் போல் உறைந்த ஊட்டம். சோதிக்க வேண்டியதைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுத் தட்டின் ஒரு கால்பாகத்தில் தேய்ப்பாள். பிறகு சூட்டில் பழுக்கவைத்து ஆறிய கம்பி வளையத்தால் அங்கிருந்து இரண்டாவது கால்பாகத்துக்கு இழுப்பாள், இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து நான்குக்கு. மாவை மிதித்துவிட்டு நடப்பவனின் கால்தடம் போலத்தான். முதல் அடி அப்பிக்கொண்டு கிடக்கும், கடைசி அடி இருக்கிறதா இல்லையா என்றிருக்கும். ஒற்றைக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தால் அரை மணிக்குள் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். மறுநாள் காலையில் கோடிக்கணக்கான பிள்ளைகுட்டிகளோடு ஒரு புள்ளியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே முதல் கால்பாகத்தில் கூட்டம் நெரிய வேண்டும், கடைசியில் ஒன்றிரண்டு இருந்தால் இருக்கலாம். இந்தத் தட்டிலோ முதல் கால்பாகம் துடைத்துவிட்டது போல் வெறுமையாக இருந்தது. கடைசிக் கோட்டோரம் மூன்று புள்ளிகள்.

சும்மா பார்த்த தட்டு அல்ல அது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஒரே மாதத்தில் ஐந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஒரே கிருமி. அதில் இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டன. எங்கிருந்து வருகிறது என்று தேடித் தட்டக்கா குழாய், தொட்டி, பால்புட்டி, மூச்சுக்குழல், நர்சுகளின் கை என்று நாற்பத்தேழு இடங்களில் மாதிரி எடுத்தாள். அவற்றில் வேறு என்னென்னவோ முளைத்தன. தேடியது மட்டும் அகப்படவில்லை. மூன்று புள்ளித் தட்டு முப்பத்தொன்றாவது. ஊசி குத்துமுன் தோலைத் துடைக்க, கிருமிநாசினி நீரில் பஞ்சுருண்டைகளை ஊறவைத்திருக்கும் எவர்சில்வர் டப்பாவிலிருந்து எடுத்தது.

டாக்டரிடம் காட்டினாள். ஆய்வகத்தின் தலைவர் அவர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, அந்த ஆய்வகத்தின் பழமொழியைச் சொன்னார். "கோட்டோட வராதது காத்தோட வந்தது."

தட்டைத் திறந்து மூடும்போது காற்றிலிருந்து ஏதேனும் விழுவது உண்டு. வரிசையில் சேராமல் அங்கங்கே முளைப்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. என்ன கிருமி என்று சோதிப்பதும் இல்லை. புதிதாக வேலைக்கு வந்த எல்லோருக்கும் தட்டக்காவே சொல்லிக்கொடுத்த விதி அது. அன்றைக்கு மட்டும் அது அவளுக்குள் முள்ளாய் உறுத்தியது. உறுத்தலை எந்தப் படிவத்தில் எழுதுவது? 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வார்டின் பெரிய சிஸ்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "கொள்ளிக்கட்டையில போய் ஈ மொய்க்குமா தட்டக்கா? மருந்துக்குள்ளயே கிருமியத் தேடுறீங்க. எங்க கையையும் விட்டு வைக்கல. கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சு போச்சு, இனி ஜோசியக்காரன்கூடக் கைய விரிச்சிடுவான்."

டப்பா சுத்தம் என்றானதும் பெரிய சிஸ்டர் ஒரு புது ஒழுங்கைக் கொண்டுவந்தார். இனி ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் துடைக்க வேண்டும்.

நான்காம் நாள் தட்டக்காவின் அண்ணிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துத் தரித்த பிள்ளை. ஒன்றேகால் கிலோவில் ஒரு பெண் பிறந்து, அந்த வார்டின் ஒன்பதாம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி, தன் நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள்: "இவ அப்பன் எங்க போனாலும் கடைசி ஆளு. இது உன்ன மாதிரி. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து நிக்குது."

தட்டக்கா சிரித்தாள். ஆனால் கண் ஒன்பதாம் கட்டிலின் மேல் இருந்த ஊசிக்குழாயை விட்டு நகரவில்லை. மூலம் கிடைக்கவில்லை என்பதை அந்த மருத்துவமனையில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று அண்ணன் கேட்டான். பயணத்தைக் குழந்தை தாங்காது என்றார்கள்.

குழந்தை பிறந்த ஆறாம் நாள் காலை ரத்தப் பெட்டி மணி அடித்தது. குழந்தையின் ரத்தத்தை ஊட்டநீர்ப் புட்டியில் விட்டு அந்தப் பெட்டிக்குள் வைப்பார்கள். உள்ளே கிருமி இருந்தால் பெருகி மூச்சு விடும். அந்த வாயு புட்டியின் அடியிலுள்ள வட்டத்தை நிறம் மாற்றும். பெட்டி மணி அடிக்கும். தட்டக்கா புட்டியை எடுத்தாள். ஒட்டியிருந்த சீட்டில் அண்ணியின் பெயரும், பெயரில்லாத குழந்தைகளுக்குப் போடும் 'பெண் குழந்தை' என்ற சொல்லும் இருந்தன.

ஒரு துளியைக் கண்ணாடி வில்லையில் தடவி, ஊதாச் சாயம், அயோடின், ஸ்பிரிட், கடைசியாகச் சிவப்புச் சாயம் என்று வரிசையாக ஊற்றிக் கழுவினாள். நுண்ணோக்கியின் அடியில் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரிந்தன. எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எதைத் தொடாது என்று மறுநாள் பார்த்தபோது அதே கிருமிதான். முந்தைய குழந்தைகளின் கிருமிக்குப் பலன் தந்த மருந்தையே, முடிவுக்குக் காத்திராமல் வார்டில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அன்று பிற்பகல் குழந்தை இறந்துவிட்டது.

அண்ணி அழவில்லை. "உன் தட்டுல எல்லாம் தெரியும்னுதான நெனச்சேன்," என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் விடுப்பு எடுக்கச் சொன்னார். தட்டக்கா மறுநாள் காலையிலேயே வந்தாள். முந்தைய நாள் அவளே போட்டுவைத்த மருந்துத் தட்டு பெட்டிக்குள் இருந்தது. குழந்தையின் கிருமியைத் தட்டு முழுவதும் பரப்பி, மேலே ஒன்பது மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்திருந்தாள். இனி யாருக்கும் பயனில்லாத தட்டு. இருந்தாலும் எடுத்துப் பார்த்தாள்.

எட்டு வில்லைகளை ஒட்டிக் கிருமி பாய் விரித்தாற்போல் வளர்ந்திருந்தது. ஒன்பதாவதைச் சுற்றி மட்டும் வெற்று வட்டம். வட்டத்துக்கு வெளியே, மருந்து நீர்த்துப்போன எல்லையில், மறுபடியும் கிருமி.

மருந்து கெட்டியாக இருக்கும் இடத்தில் முளைக்காது. தள்ளிப் போனால் முளைக்கும்.

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டப்பாவுக்குள் விட்ட பஞ்சுக்குச்சி கிருமியை மட்டுமா கொண்டுவந்தது? கிருமிநாசினியையும் சேர்த்தல்லவா கொண்டுவந்தது! முதல் கால்பாகத்தில் இரண்டும் சேர்ந்தே இறங்கின. அங்கே மருந்து கிருமியை முளைக்க விடவில்லை. கோடு இழுக்க இழுக்க மருந்து மெலிந்தது. கடைசிக் கோட்டுக்கு வந்து சேர்ந்த மூன்று கிருமிகளுக்குத்தான் மூச்சு விட இடம் கிடைத்தது. காற்றோடு வரவில்லை, கோட்டோடுதான் வந்தன.

வார்டுக்கு ஓடி, டப்பாவை வாங்கி வந்தாள். சோதனை முடியும்வரை ஊறவைத்த பஞ்சையே தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். இம்முறை நேராகத் தட்டில் தேய்க்கவில்லை. டப்பா நீரில் ஒரு துளியை, கிருமிநாசினியைப் பிடித்துக் கட்டிப்போடும் கொழுப்புப் பொருள் சேர்த்த ஊட்டநீர் நூறு துளியில் விட்டு, அதிலிருந்து தேய்த்தாள். மறுநாள் முதல் கால்பாகத்தில் புள்ளிகளை எண்ண முடியவில்லை. அதே சிவப்புக் குச்சிகள். அதற்கும் மறுநாள் அதே சர்க்கரை, ஒன்பதில் ஒரே வில்லைக்கு மட்டும் அதே வட்டம்.

டாக்டர் வெகுநேரம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

கிருமிநாசினிக்குள் கிருமி எப்படிப் பிழைத்தது என்பது பெரிய சிஸ்டரிடம் பேசியபோது விளங்கியது. டப்பா காலியாகவே கூடாது என்பது அவர் வைத்த கட்டளை. தினமும் காலையில் குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரில் மருந்தைக் கலந்து ஊற்றி, மேலே புதுப் பஞ்சைப் போடுவார்கள். அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு: பஞ்சின் நாரில் போய் ஒட்டிக்கொள்ளும். நார் குடித்தது போக நீரில் மிஞ்சுவது கொஞ்சம்தான். தண்ணீரோடு வந்த கிருமியில் பலவீனமானது செத்தது, தாக்குப்பிடித்தது அடிப்பஞ்சில் குடியேறியது. டப்பாவைக் கவிழ்த்துக் கழுவாததால், நேற்றைய கிருமி இன்றைய மருந்தைச் சாவகாசமாகப் பழகிக்கொண்டது. துடைத்த ஒவ்வொரு தோலிலும் அதைத் தடவி, அதன் வழியே ஊசியைக் குத்தினார்கள்.

"இருபது வருஷமா அத நான் காலியா விட்டதே இல்ல," என்றார் பெரிய சிஸ்டர். பிறகு, "நீங்களும் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க," என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

டப்பா வார்டை விட்டுப் போய்ப் பதினேழு நாள் கழித்துத் தட்டக்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தட்டக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், மூன்று புள்ளிகளை, கையெழுத்தை, அதன் பிறகு இரண்டு தடவை துடைத்ததை. எதையும் பூசி மெழுகவில்லை.

அண்ணி மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள்.

"என்னோடது போச்சு. அங்க இன்னும் கெடக்குதே, அதுங்களுக்கு என்ன செஞ்சிருக்க?"

"டப்பாவ எடுத்தாச்சு அண்ணி. ஊறப்போட்ட பஞ்சே வார்டுல கெடையாது. ஒரு ஊசிக்கு ஒரு பொட்டலம், ஆவியில வேகவெச்ச காஞ்ச பஞ்சு. மருந்து சின்னச் சின்னப் புட்டியில, சீல் வெச்சு வருது. தொறந்த அன்னைக்கே மிச்சத்தக் கொட்டிடணும், மேல ஊத்தக் கூடாது. மருந்து இருக்கற எதச் சோதிச்சாலும் மொதல்ல அந்த மருந்தக் கட்டிப்போட்டுட்டு, நூறு பங்கு தண்ணியாக்கிட்டுத்தான் தட்டுல தேய்க்கிறோம். எந்த எடத்துல ஒத்தப் புள்ளி மொளச்சாலும் என்னன்னு சோதிக்கணும்னு எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார். பதினேழு நாளா அந்த வார்டுப் புட்டி ஒண்ணுக்கும் மணி அடிக்கல."